கை போன போக்கில் வாசித்துவிட்டு, அதைத் திரும்பக் கேட்பது எப்படி

பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு நான் பியானோ வாசிக்க ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. பிழைப்பு வங்கியில், பியானோ ஞாயிற்றுக்கிழமைக்கு. காணிக்கை எடுக்கும்போது பாமாலையில் (எங்கள் சபைப் பாட்டுப் புத்தகம்) ஒரு பாட்டின் நாலு சரணமும் பாடி முடித்திருப்போம், காணிக்கைப் பை இன்னும் கடைசி வரிசையிலேயே நிற்கும். ஐயர் (எங்கள் பக்கத்தில் சபைக் குருவானவரை அப்படித்தான் அழைப்போம்) பீடத்தின் முன் காத்திருப்பார். பை வந்து சேரும்வரை அந்த ஒன்றரை, இரண்டு நிமிடத்தை யாராவது நிரப்பியாக வேண்டும். எனக்கு நோட்டு இல்லாமல் வாசிக்கும் பழக்கம் வந்தது அப்படித்தான். கலை, கொள்கை என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. பை வரத் தாமதம், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். "தம்பி, பை எடுக்கையில ஒண்ணு வாசிச்சியே, அது என்ன பாட்டு? நல்லா இருந்துச்சே."

எனக்கு ஒரு சுரம்கூட நினைவில் இல்லை. "சும்மா வாசிச்சது ஐயா" என்றேன். சொல்ல மனமில்லாமல் மறைக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் சுருங்கிப் போய்விட்டார். மறுநாள் காலை வீட்டில் பியானோவின் மேல் போனை வைத்து ரெக்கார்டரை அமுக்கினேன். அன்றிலிருந்து பதினோரு வருடமாக, வாரத்துக்கு இரண்டு காலையாவது, மனதில் எதையும் முடிவு செய்யாமல் உட்கார்ந்து வாசிக்கிறேன், பதிவு செய்கிறேன், பிறகு கேட்கிறேன். இந்த மூன்றில் கடினமானது கடைசியில் உள்ளதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எதில், எங்கே வைத்து

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும், முதல் மூன்று மாதத்துக்காவது. ஆனால் நான் வைத்ததுபோலப் பியானோ மேல் வைக்காதீர்கள். கட்டைகள் அடியில் போய் முட்டும் டொக் டொக்கும், பெடலின் முனகலும் மரம் வழியாக நேரே மைக்குக்குப் போகும். எனக்கு அன்று கிடைத்த பதிவில் பியானோவைவிடத் தச்சுவேலைதான் அதிகம். தனியாக ஒரு ஸ்டூல், அதன்மேல் நாலாக மடித்த துண்டு, துண்டின்மேல் போன்.

என்னுடையது சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோ. இந்த வகையில் ஒலிப்பலகை முதுகுப் பக்கம் இருக்கிறது. சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் பாதிச் சத்தத்தைச் சுவர்தான் கேட்கும். ஒரு அடி முன்னால் இழுத்துப் போடுங்கள், மேல்மூடியைத் திறந்து வையுங்கள். அப்புறம் அறைக்குள் நாலு இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் இடத்திலும் போனை வைத்து, "ஜன்னல் பக்கம்", "பீரோ பக்கம்" என்று வாயால் சொல்லிவிட்டு ஒரே பாட்டின் முதல் இரண்டு வரியை வாசியுங்கள். பத்து நிமிட வேலை. என் அறையில் ஜெயித்தது எனக்குப் பின்னால் வலது தோளிலிருந்து நாலடி தள்ளி, காது உயரத்தில் ஒரு இடம். அங்கே தரையில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். வீட்டைக் கூட்ட வரும் அம்மாள் அதை அழிப்பதும் நான் மறுபடி போடுவதுமாகப் போகிறது.

போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். ஒருமுறை பதினெட்டாவது நிமிடத்தில், அதுவரை போகாத ஒரு இடத்துக்குக் கை போய்க்கொண்டிருந்தபோது, கடன் வேண்டுமா என்று ஒரு அழைப்பு வந்தது. வங்கிக்காரனுக்கே கடன். பதிவு அங்கேயே அறுந்து போயிற்று.

பல போன்களில் இன்னொரு தொல்லை உண்டு. அவை பேச்சைப் பதிவு செய்யப் பழக்கப்பட்டவை. மெல்லிய சத்தத்தைத் தானாகவே தூக்கும், பலத்த சத்தத்தைத் தானாகவே அமுக்கும். ஓயும் சுரத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டியும் விடும். பியானோவில் ஒரு சுரம் அடங்கிக் கரையும் கடைசி ஐந்து வினாடிதான் எனக்கு உயிர், அதைப் போய் இரைச்சல் என்றால்? ரெக்கார்டர் செயலியின் அமைப்புகளில் இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். வேவ் கோப்பாகச் சேமிக்க வழி இருந்தால் எம்பி3 வேண்டாம்.

இரண்டு வருடம் கழித்து உள்ளங்கை அளவில் ஒரு ரெக்கார்டர் வாங்கினேன். அதில் செய்ய வேண்டிய ஒரே முக்கியமான காரியம், நீங்கள் எவ்வளவு பலமாக வாசிப்பீர்களோ அவ்வளவு பலமாக ஒருமுறை இரண்டு கையாலும் வாசித்து, முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடாமல் இருப்பது. பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் ஒலி கிழியும், கிழிந்ததை எந்த மென்பொருளும் முழுதாகத் தைக்காது. குறைவாகப் பதிவானதைப் பின்னால் தூக்கிக்கொள்ளலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி, அரை மணி நேரத்துக்கு 500 எம்பிக்குச் சற்று மேல் வரும். அது அதிகம் என்றால் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 10 எம்பி. என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். இருந்தும் அளவைத் தாழ்வாக வைத்துப் பிறகு தூக்குவதற்கு 24 பிட் வசதி.

நேரம்? காலை ஐந்து மணி. ஃபேனை நிறுத்தியாக வேண்டும், காற்று மைக்கில் பட்டால் குடுகுடுவென்று ஒரு உறுமல் பதிவு முழுக்க ஓடும். சித்திரை மாதப் பாளையங்கோட்டையில் ஃபேன் இல்லாமல் உட்கார ஐந்து மணியைத் தவிர வேறு நேரம் கிடையாது. ஆறு மணிக்கு அடுத்த வீட்டு மிக்ஸி ஆரம்பித்துவிடும்.

டிஜிட்டல் பியானோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னால் யூஎஸ்பி துளை இருக்கும், பிரிண்டருக்குப் போடும் வயரே பெரும்பாலும் அதற்குப் பொருந்தும். அதைக் கணினியில் செருகினால் மிடி பதிவு கிடைக்கும். 1983-இல் வந்த ஏற்பாடு, இன்னும் ஓடுகிறது. மிடி என்பது சத்தம் இல்லை. எந்தக் கட்டை, எந்த நொடியில், 1 முதல் 127 வரை எவ்வளவு வேகத்தில் அமுக்கப்பட்டது, பெடல் எப்போது இறங்கியது, எப்போது ஏறியது என்ற கணக்குப் புத்தகம். எனக்குத் தொழில் முறையில் பிடித்த விஷயம். அரை மணி நேர வாசிப்பு ஒரு போட்டோ அளவுகூட இருக்காது. ஆனால் அதை நோட்டாக மாற்றித் தரச் சொல்லி மென்பொருளிடம் கொடுக்காதீர்கள். தாளம் இல்லாமல் வாசித்ததை அது நாலு நாலாக வெட்டி, முப்பத்திரண்டாம் பங்கு ஓய்வுக் குறிகளைக் கொசுபோல மேலே தூவித் தரும். பார்த்தால் வாசித்தவனுக்கே பயம் வரும். மிடியைக் கட்டங்களாகக் காட்டும் திரையில் பாருங்கள், அது போதும். கூடவே ஒலியையும் பதிவு செய்யுங்கள். அறையில் நடந்தது மிடிக்குத் தெரியாது.

சிவப்பு விளக்கு

பதிவுப் பொத்தானை அமுக்கியதும் சின்னச் சிவப்பு விளக்கு எரியும். எரிந்ததும் கை நல்ல பிள்ளையாகிவிடும். தெரிந்த கார்டு (ஒன்றாக அமுக்கும் சுரக்கூட்டு), தெரிந்த திருப்பம், பாட்டி மெச்சும் முடிவு. இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, விளக்கை முன்கூட்டியே எரியவிட்டு மறப்பது. எழுந்ததும் ரெக்கார்டரைப் போட்டுவிடுவேன். பிறகுதான் முகம் கழுவுவது, காபி போடுவது, மூடியைத் திறப்பது எல்லாம். பதிவின் முதல் பத்து நிமிடம் செருப்புச் சத்தமும் டம்ளர் சத்தமும்தான். உட்காரும்போது அது ஓடுகிறது என்பதே பாதி மறந்திருக்கும்.

உட்கார்ந்ததும் இரண்டு சடங்கு. நடு சி-க்கு மேலே இருக்கும் ஏ கட்டையை ஒருமுறை அமுக்கி, அது தானாக ஓயும்வரை விடுவேன். பிறகு தேதியையும் மனதில் இருப்பதையும் ஒரு வரியில் சொல்வேன். "மார்ச் 3. தூக்கம் சரியில்லை. நேற்று ஆடிட்." ஏ கட்டையை அமுக்குவது பியானோவுக்குக் காய்ச்சல் பார்க்க. 440 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டியது என்னுடையதில் ஒரு கட்டத்தில் 431-க்கு வந்துவிட்டது, கிட்டத்தட்ட 36 சென்ட் தாழ்வு. அரைச்சுரம் என்பதே 100 சென்ட்தான். ஐப்பசி மழையில் மரம் ஊறிக் கொஞ்சம் ஏறும், சித்திரையில் காய்ந்து இறங்கும். பதினோரு வருடத்துப் பதிவில் இது வரிசையாக இருப்பதால், டியூனர் வந்தபோது அவரிடம் நோயாளியின் சீட்டைப்போல நீட்ட முடிந்தது.

நடுவில் நிறுத்தாதீர்கள். தப்பு வந்தாலும், அலுத்தாலும், குக்கர் விசில் அடித்தாலும் ஓடட்டும். வாசிக்கும்போதே "ஆகா, இது" என்று ஏதாவது தோன்றினால் பியானோவின் மரத்தில் இரண்டு முறை தட்டுங்கள். பின்னால் கணினியில் அலைவடிவத்தைப் பார்க்கும்போது இரண்டு ஊசி நிற்கும், தேடாமல் அங்கே போகலாம். இந்த ஊசிகளைப் பற்றி இன்னொரு விஷயமும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஐந்து கறுப்புக் கட்டை

எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றால் கைக்கு ஒன்றும் வராது, அல்லது வந்ததே வரும். ஒரு கட்டு வேண்டும். தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் கட்டு கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடுவது.

கறுப்புக் கட்டைகள் மூன்று, இரண்டு என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். மூன்றில் முதலாவதை ஸட்ஜமாக (ராகம் தொடங்கும் சுரமாக) வைத்து, அதை இடது கையில் அடியில் பிடித்துக்கொண்டு வலது கையால் மற்றவற்றில் நடந்தால் மோகன ராகம். வலது கையை மாற்றாமல் இடது கையின் அடிச்சுரத்தை மட்டும் மூன்றில் நடுவிலுள்ளதற்கு மாற்றினால் அது மத்யமாவதி. மூன்றில் கடைசி, இந்தோளம். இரண்டில் முதலாவது, சுத்த சாவேரி. இரண்டில் இரண்டாவது, சுத்த தன்யாசி. கர்நாடக சங்கீதக்காரர்கள் கிரக பேதம் என்று சொல்வது இதுதான். பியானோவில் கமகம் வராது, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் சறுக்க வழியில்லை. ஆகவே கிடைப்பது ராகத்தின் எலும்புக்கூடுதான். ஆலாபனை பாடுகிற ஒருவர் கேட்டால் சிரிப்பார், சிரிக்கட்டும். ஐந்தே கட்டையில், அடிச்சுரத்தை நகர்த்துவதால் மட்டும் வீடு மாறுவது எப்படி என்று கைக்குப் புரிய இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பத்து நிமிடம் இப்படி வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து, கட்டைகளைப் பார்க்காமல் கேட்டு, எங்கே வீடு மாறியது என்று உங்கள் காது சொல்கிறதோ அங்கே நேரத்தைக் குறியுங்கள். பிறகு உண்மையில் இடது கை எங்கே மாறியது என்று பாருங்கள். என் முதல் முயற்சியில் கை மாறிச் சுமார் இருபது வினாடி கழித்துத்தான் காது மாறியிருந்தது. காரணம் பெடல். பழைய அடிச்சுரத்தைப் பெடல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வலது கையும் பழைய ஸட்ஜத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. வாசிக்கும்போது நான் இந்தோளத்தில் இருந்தேன், கேட்பவன் இன்னும் மத்யமாவதியில் இருந்தான்.

கருவியே கட்டாக அமைவதும் உண்டு. 1975 ஜனவரி 24 அன்று இரவு ஜெர்மனியில் கொலோன் நகர ஆப்பரா அரங்கில் அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் கீத் ஜாரெட் தனியாக வாசித்த கச்சேரியின் கதை பலருக்குத் தெரியும். அவர் கேட்ட பெரிய பியானோவுக்குப் பதிலாக மேடையில் இருந்தது ஒத்திகைக்கு வைத்திருந்த சின்ன ஒன்று. மேல்சுரங்கள் தகரம்போல, அடிச்சுரங்கள் பலமில்லாமல், பெடலும் சரியில்லை. இரவு பதினொன்றரைக்கு மேல் அதிலேயே வாசித்தார். பதிவைக் கேட்டால் அவர் பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே நடப்பதும், இடது கை ஒரே சின்ன உருவைச் சுற்றிச் சுற்றி வந்து அடிக்குப் பலம் சேர்ப்பதும் தெரியும். என் பியானோவில் கடைசி ஏழு கட்டைகள் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த மாதங்களில் நான் அந்தப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான் ஒற்றுமை.

உடனே கேட்காதீர்கள்

இதுதான் கடினமான இடம் என்றேன். வாசித்து முடித்ததும் கேட்கத் துடிக்கும். கேட்காதீர்கள். அன்றைக்கே கேட்டால் காதில் விழுவது பதிவு இல்லை, கையின் நினைவு. விரல் சுகமாக இருந்த இடமெல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும், விரல் தடுமாறிய இடமெல்லாம் அசிங்கமாகத் தோன்றும். நான் குறைந்தது ஒரு வாரம் விடுகிறேன். அதற்குள் கை மறந்துவிடும், யாரோ வாசித்ததுபோலக் கேட்கலாம்.

மரத்தில் தட்டிய ஊசிகளைப் பற்றி இப்போது சொல்லலாம். ஒரு வருடம் அந்த ஊசிகளைக் கணக்கெடுத்தேன். நாற்பத்தொன்று. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவற்றில் எனக்கு இன்னும் பிடித்திருந்தவை ஒன்பது. மற்ற இடங்களில் வாசித்தவனுக்குத்தான் பரவசம், கேட்பவனுக்கு ஒரே கார்டின் மேல் வேகமாக ஓடும் விரல். பதிவில் உண்மையிலேயே நின்று கேட்க வைத்த இடங்கள் பலவும் நான் தட்டாத இடங்கள். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஒற்றைச் சுரத்தை வைத்துக்கொண்டு விழித்த இடங்கள். அப்போது எனக்கு வேர்த்தது நினைவிருக்கிறது. கேட்டால் அமைதியாக இருக்கிறது.

முதல் முறை கேட்கும்போது பேனா வேண்டாம், பியானோ பக்கமும் போக வேண்டாம். நான் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பேன். கை வேறு வேலையில் இருந்தால் காது தன் பாட்டுக்குக் கேட்கும். எந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டி தானாக நின்றது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். (ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் அதற்கு அடையாளம் இருக்கிறது.)

இரண்டாவது முறைக்கு நோட்டுப் புத்தகம். கணினியில் கேட்பதானால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோலும் எம்மும் சேர்த்து அமுக்கினால் அந்த நொடியில் ஒரு சீட்டு ஒட்டும், அதில் எழுதலாம். நான் இன்னும் தாளில்தான் எழுதுகிறேன். ஒரு விதி மட்டும்: நல்லது, கெட்டது என்ற சொற்கள் கூடாது. நடந்ததை மட்டும் எழுத வேண்டும், தணிக்கைக்காரன் எழுதுவதைப்போல. "அருமை" என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து எது அருமை என்று தெரியாது. என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

2.40 – வலது கை ஏறுகிறது. இடது கை இருந்த இடத்திலேயே.
4.15 – இதே வரி மூன்றாவது முறை.
6.02 – பால்காரர் மணி. வாசிப்பை நிறுத்தியிருக்கிறேன்.
6.10 – மணியின் சுரத்தைப் பிடிக்கப் பார்த்து அரைச்சுரம் தள்ளி விழுந்திருக்கிறது. அந்தத் தப்பையே திரும்ப அடித்து ஒரு நிமிடம் போகிறது. இஸ்திரி நின்ற இடம்.
9.30 – எனக்குத் தெரியாமல் வேகம் கூடியிருக்கிறது.
11.48 – ஆமென்.

கடைசி வரிக்கு விளக்கம் வேண்டும். பாமாலைப் பாட்டு முடிந்ததும் சபையார் "ஆ-மென்" என்று நீட்டுவார்கள். அதற்கு அடியில் இரண்டு கார்டு. சி மேஜரில் என்றால் எஃப், பிறகு சி. பத்தொன்பது வருடமாக ஞாயிறுதோறும் அந்த இரண்டு கார்டை வாசித்த கை இது. ஒரு பிப்ரவரியில் ஒன்பது பதிவுகளை வரிசையாகக் கேட்டேன். ஏழு அந்த இரண்டு கார்டில் முடிந்திருந்தன. சோகமாகத் தொடங்கியது, கோபமாகத் தொடங்கியது, இந்தோளத்தில் தொடங்கியது, எல்லாம் கடைசியில் எழுந்து நின்று ஆமென் சொல்லிவிட்டு உட்கார்ந்தன. வாசித்த ஒரு நாள்கூட எனக்கு அது தெரியவில்லை.

அப்புறம் நிசப்தம். அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்தாலே தெரிந்தது, எங்கும் ஒல்லியான இடமே இல்லை. பதினாலு நிமிடத்தில் நான் கையை எடுத்திருந்த நீளமான இடைவெளி இரண்டு வினாடிக்கும் குறைவு. அதற்குக் காரணமும் காணிக்கைப் பைதான் என்று நினைக்கிறேன். சபையில் சத்தம் நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு

கேட்டு முடித்ததும் நோட்டில் பத்துக் குறிப்பு இருக்கும். பத்தையும் திருத்தப் போகாதீர்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும்: விலக்க வேண்டிய பழக்கம், அல்லது வளர்க்க வேண்டிய துண்டு.

பழக்கம் என்றால் அதை அடுத்த மாதத்துக்கு விலக்கிவைத்து அதையே கட்டாக்குங்கள். எனக்கு ஒரு மாதம் "எஃப்-இலிருந்து சி-க்குப் போய் முடிக்கக் கூடாது". முதல் வாரம் முடிக்கவே தெரியாமல் இருபத்தைந்து நிமிடம் சுற்றினேன். வெளியே போக வாசல் தெரியாத விருந்தாளி மாதிரி. பிறகு ஒரு நாள் வரியின் நடுவிலேயே கையை எடுத்துவிட்டேன். கேட்கும்போது அது முடிவாகவே இருந்தது. பெடலுக்கும் ஒரு மாதம்: வலது காலைச் செருப்போடு பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு, பெடலே இல்லாமல். வறண்ட மாதம். ஆனால் இடது கை எவ்வளவு சோம்பேறி என்று அப்போதுதான் தெரிந்தது.

துண்டு என்றால் பத்து இருபது வினாடிக்கு மேல் வேண்டாம். அதை வெட்டியெடுத்து, காதால் கேட்டுக் கட்டையில் கண்டுபிடியுங்கள். பாதி வேகத்தில், சுருதி மாறாமல் ஓடவிட்டால் அடுக்கிய சுரங்களும் பிரிந்து கேட்கும். கண்டுபிடித்ததும் வேறு இரண்டு ஸ்கேலில் வாசியுங்கள், இடது கைக்குக் கொடுங்கள், தலைகீழாகப் போடுங்கள். பிறகு அடுத்த பதிவை அந்தத் துண்டிலிருந்து தொடங்குங்கள். பால்காரர் மணியில் தப்பிய அரைச்சுரம் எனக்கு இப்படி ஒன்றரை மாதம் சோறு போட்டது.

1747 மே மாதம் போட்ஸ்டாம் அரண்மனையில் பிரஷ்ய மன்னர் ஃபிரெடெரிக் ஒரு மெட்டைக் கொடுத்து, அதன்மேல் ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் வகை) வாசிக்கச் சொன்னபோது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் மூன்று குரலில் அங்கேயே வாசித்தார். ஸில்பர்மான் செய்த பியானோக்கள் அங்கே இருந்தன, அவற்றில். ஆறு குரலில் வேண்டும் என்று மன்னர் கேட்டதும், எல்லா மெட்டும் அதற்கு ஒத்துவராது என்று தன் சொந்த மெட்டு ஒன்றில் வாசித்துக் காட்டினார். லைப்சிக் திரும்பிய பிறகு மன்னரின் மெட்டையே எடுத்து உட்கார்ந்து ஆறு குரலில் எழுதி அச்சிட்டு அனுப்பிவைத்தார். அந்தச் சாயங்காலத்திலிருந்து அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனதும் ஒரு மெட்டு மட்டும்தான்.

செய்யக் கூடாதது, நன்றாக வந்த பதிவை அப்படியே மறுபடி வாசிக்கப் பார்ப்பது. ஒரு டிசம்பரில் எட்டு நிமிடம் அபாரமாக ஒன்று வந்தது. அதைக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வாசித்தால் என்ன என்று சுரம் சுரமாக எழுதி, மூன்று வாரம் பழகி, சபையில் வாசித்தேன். சுரம் எல்லாம் சரி. என் மனைவி வீட்டுக்கு வரும் வழியில், "என்னத்தையோ ஒப்பிச்ச மாதிரி இருந்துச்சுங்க" என்றாள்.

இன்னொரு காது

வருடத்தில் நாலைந்து பதிவை வேறு ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். "எந்த இடத்துல மனசு வேற எங்கயோ போச்சு?" என்று கேளுங்கள். இதற்கு எல்லாருக்கும் பதில் தெரியும், சங்கீதம் தெரியாதவர்களுக்கும்.

எனக்கு அந்தக் காது தங்கை மகள். வயலின் படிக்கிறாள், பத்தாம் வகுப்பு, வாய் அதிகம். நான் மிகவும் பெருமைப்பட்ட பதிவு ஒன்றை நாலு நிமிடம் கேட்டுவிட்டு, "என்ன மாமா, சுத்திச் சுத்தி அங்கனயே வந்து நிக்கிய?" என்றாள். நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு நிமிடத்தில் ஆறு முறை ஏ மைனர் கார்டு. வேறொன்றைக் கேட்டுவிட்டு, "குக்கர் விசில் வந்த இடம் நல்லாருக்கு" என்றாள். அந்த இடத்தில் விசிலின் சுரத்தைத் தேடிக் கை மேலே போயிருக்கிறது, மூன்றாவது விசிலுக்குப் பிடித்தும் விட்டது. அன்றிலிருந்து ஃபேனைத் தவிர வேறு சத்தத்துக்காக நான் சண்டை போடுவதில்லை.

மீதிச் சில்லறை. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடத்தை முன்னால் போடுங்கள், 2023-03-03-0510 என்பதுபோல. அப்போதுதான் வரிசை தானாக நிற்கும். ஒரு மாதம் ஆகும்வரை எதையும் அழிக்காதீர்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். நான் ஒரே மெமரி கார்டில் வைத்திருந்த பதினாலு மாதத்துப் பதிவு, அந்த மெமரி கார்டைச் சட்டைப் பையில் மறந்து சலவை இயந்திரத்துக்குப் போட்டதில் போயிற்று. குற்றவாளி நான்தான், மனைவி பையைப் பார்க்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போவதற்கு முன், மாதத்துக்கு ஒன்றாக அந்த வருடத்தின் பன்னிரண்டு பதிவுகளைக் கேட்பேன். மதியம் தொடங்கினால் இருட்டுவதற்குள் முடியும். ஆமென் கணக்கை மட்டும் தனியாக நோட்டின் பின் அட்டையில் போட்டு வருகிறேன். பிப்ரவரியில் ஒன்பதுக்கு ஏழு என்றிருந்தது அந்த நவம்பரில் எட்டுக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த கையோடு வாசித்தது. அதைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.